மவுஸ் இல்லாத மேசை

கிளாடிஸுக்குக் காலில் சக்கரம் என்று பள்ளிக்கூடத்திலேயே சொன்னார்கள். முப்பத்தாறு வயதாகியும் அந்தச் சக்கரம் கழன்றபாடில்லை. உட்கார்ந்தால் முழங்கால் ஆடும், நின்றால் விரல் எதையாவது தட்டும். கேக் சுடப் போகிறேன் என்று ஓவன் வாங்கினாள். அதற்குள் இப்போது சட்டிகள் குடியிருக்கின்றன. மாதா கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தாள். ஈஸ்டருக்கு முன்னாலேயே தொண்டை சரியில்லை என்று கழன்றுகொண்டாள். ஆரம்பிப்பதில் புலி, முடிப்பதில் பூனைகூட இல்லை. இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபத்தையும் அவளால் முழுசாக முடிக்க முடியாது.

அப்படிப்பட்டவள் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் மட்டும் வருஷக்கணக்காக ஒட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக் கடன் என்ற பசை அப்படி. அவள் புருஷன் ரேமண்டுக்கு பட்டர்வொர்த் பக்கம் துறைமுகத்தில் வேலை. இவளுக்கும் ஷிப்ட், அவனுக்கும் ஷிப்ட். இவள் கம்பெனி பஸ்ஸில் பாலம் தாண்டி வீடு வரும்போது அவன் மோட்டார் சைக்கிளோடு ஃபெரிக் கப்பல் ஏறப் போய்க்கொண்டிருப்பான். தீவில் இருந்த டத்தோ கிராமாட் பிளாட்டின் லிஃப்ட் வாசலில் இருவரும் பார்த்துக்கொள்வார்கள். "சோறு இருக்கு", "சரி". இதுதான் தாம்பத்யம். ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு வாடகைக்காரர்கள்கூட இதைவிட அதிகம் பேசுவார்கள்.

அதனால்தான் கோலாலம்பூர் மொழிபெயர்ப்பு நிறுவனத்தின் விளம்பரத்தைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. உடல்நலக் கையேடுகளை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவர ஆள் வேண்டும். வீட்டிலிருந்தே வேலை, பகல் வேலை. கிளாடிஸ் ஆறாம் படிவம் வரை, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு வரை, தமிழ் படித்தவள். கோயில் மடலின் தமிழ்ப் பக்கத்தில் பிழை திருத்துவதும் அவள்தான். (அதை விடாமல் செய்கிறாளே என்று கேட்காதீர்கள். பாதிரியார் வெள்ளிக்கிழமைதோறும் போன் போட்டு உயிரை வாங்குவார்.) விண்ணப்பித்தாள். இணையத்தில் ஒரு தேர்வு எழுத வேண்டும் என்று பதில் வந்தது.

"இந்த வேல மட்டும் கெடச்சிட்டா, பகல்லயாவது ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கலாம்ங்க" என்றாள் ரேமண்டிடம், லிஃப்ட் வாசலில்.

"கெடைக்கும். நீ உக்காந்து எழுதுனா கெடைக்கும்" என்றான் அவன். 'உக்காந்து' என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னான்.

உட்காருவதில்தான் சிக்கல். அவளுடைய பழைய லேப்டாப்பில் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் வேறொன்று. அகராதியைத் தேடிப் போவாள், வழியில் வாட்ஸ்அப் கூப்பிடும், அங்கிருந்து யாரோ நண்டுக் குழம்பு வைக்கும் வீடியோ. திரும்பி வரும்போது எதைத் தேடிப் போனோம் என்பதே மறந்திருக்கும். இதைத் தொழிற்சாலை கேண்டீனில் புலம்பியபோது எதிரே இருந்த ஹாரிஸ் சிரித்தான். ஹாரிஸ் சோதனை இயந்திரங்களைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன். கம்ப்யூட்டர் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவனுக்கு.

"அக்கா, கல்யாண வீட்ல எலைய எப்படிப் போடுவாங்க? ஒன்னு மேல ஒன்னாவா?"

"பைத்தியமா ஒனக்கு? பக்கத்துல பக்கத்துலதான்."

"அதான் டைலிங் விண்டோ மேனேஜர். ஒரு ஜன்னல் தொறந்தா முழு ஸ்கிரீன் அதுக்கு. ரெண்டாவது வந்தா ஆளுக்குப் பாதி. மூனாவது வந்தா மத்தது தள்ளி உக்காந்து எடம் குடுக்கும். ஒன்ன ஒன்னு மறைக்காது. எல்லாத்தையும் கீபோர்ட்லயே ஓட்டலாம் லா."

"எனக்கு வருமா?"

"புதுசா வர்றவங்களுக்குன்னே செஞ்சது இருக்குக்கா. அதப் போட்டுத் தர்றேன்."

போட்டும் தந்தான். முதல் நாள் திறந்தபோது கிளாடிஸ் பதறிப்போனாள். கறுப்புத் திரை, வேறு ஒன்றுமே இல்லை. அழுத்த ஒரு படம் கிடையாது, மெனு கிடையாது. கெடுத்துவிட்டான் பாவி என்றே நினைத்தாள். பிறகு அவன் சொன்னது ஞாபகம் வந்து விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு என்டரைத் தட்டினாள். பளிச்சென்று ஒரு ஜன்னல் திரை முழுக்க விரிந்தது. இன்னொரு தட்டு, அது பாதியாக ஒதுங்கியது. இன்னொன்று. தட்டத் தட்ட எல்லாம் வரிசையாக நகர்ந்து உட்கார்ந்தன. அட, அட! அவள் வாய்விட்டே சிரித்தாள். சொன்ன பேச்சைக் கேட்கும் ஒரு பொருள் வாழ்க்கையில் முதல்முறையாகக் கையில் கிடைத்திருக்கிறது.

எந்த ஜன்னலில் இருக்கிறோம் என்பதை அதைச் சுற்றி ஒரு நிறக்கோடு காட்டும். விண்டோஸ் விசையோடு J, K எழுத்துகளைத் தட்டினால் கோடு ஒரு ஜன்னலிலிருந்து அடுத்ததற்குத் தாவும். "அம்புக்குறி விசையும் வேல செய்யும்க்கா, ஆனா அதத் தொடாதீங்க, அது பச்சப் புள்ளைங்களுக்கு" என்று ஹாரிஸ் சொல்லியிருந்தான். கிளாடிஸ் பச்சைப் பிள்ளையா என்ன? தொடவே இல்லை.

வீம்பு அதோடு நிற்கவில்லை. லேப்டாப்பின் தொடுதட்டு, மேலே கொட்டிய மைலோ பானத்தைக் குடித்துச் செத்து ரொம்ப நாளாயிற்று. மவுஸ் ஒன்றுதான் மிச்சம். அது பக்கத்தில் இருந்தால் கை அங்கேதான் போகிறது என்று கண்டுபிடித்து, அதைக் கழற்றி ரேமண்டின் வேலைப் பையில் போட்டாள்.

"தெனம் எடுத்துட்டுப் போயிருங்க. நான் கெஞ்சினாலும் குடுக்கக் கூடாது."

"மவுஸ் துறைமுகத்துல என்னா செய்யும்?" என்று கேட்டான் அவன். ஆனாலும் எடுத்துப்போனான். சொன்னதைச் செய்கிற மனிதன்.

சரி, இத்தனை ஏற்பாடும் எதற்கு? தேர்வுக்குப் படிக்க. படித்தாளா? எங்கே படித்தாள்! ஜன்னல்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம் என்று ஒரு நாள் பார்த்தாள். நிறக்கோடு பச்சையா, மாதா அங்கியின் நீலமா என்று இரண்டு நாள். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதி மாற்றலாம் என்று ஹாரிஸ் காட்டிக்கொடுத்ததுதான் வினை. குரங்கு கையில் பூமாலை. மொழிபெயர்த்துப் பழகினாயா என்று ரேமண்ட் கேட்கும்போதெல்லாம், "செட்டிங் மட்டும் முடிஞ்சிரட்டும்ங்க" என்பாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவள் கூடத்தை நிமிர்த்திக்கொண்டே இருந்தாள், ஆட்டத்தைத் தொடங்கவே இல்லை.

தேர்வு நாள் வந்தது. லீவு போட்டிருந்தாள். மதிய ஷிப்டுக்குப் புறப்பட்ட ரேமண்ட் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே வாசலில் நின்றான்.

"இன்னிக்கு மட்டும் மவுஸ வச்சிட்டுப் போகவா?"

"ஒன்னும் வேணாம். எடுத்துட்டுப் போங்க."

"யோசிச்சுச் சொல்லு கிளாடி."

"ஐயோ, போங்களேன்! ஃபெரி போயிரும்."

அவன் போனான். அவள் லேப்டாப் முன்னால் அமர்ந்து மூன்று ஜன்னல்களைத் திறந்தாள். இடது பக்கம் முழுக்க ஆங்கிலக் கையேடு வரப்போகும் இடம். வலது மேலே பதில் எழுதும் பக்கம். அதற்குக் கீழே கேமரா அழைப்பு. அதில் கோலாலம்பூரிலிருந்து ஓர் அம்மாள் வந்தார், தலையில் சாம்பல் நிறத் துடோங் முக்காடு, மூக்கில் கண்ணாடி. பெயர் ரொஸ்னா, மேற்பார்வையாளர்.

"வணக்கம் மிஸ் கிளாடிஸ். விதியச் சொல்லிடறேன். போன் தொடக் கூடாது, எடத்த விட்டு எழுந்திருக்கக் கூடாது, இந்தக் கேமரா நிக்கக் கூடாது. நின்னா தேர்வு ரத்து. கேள்வித் தாள் இன்னும் கொஞ்ச நேரத்துல வரும். காத்திருங்க."

காத்திருங்கள் என்று கிளாடிஸிடம் சொல்வதும், கொதிக்கும் எண்ணெயிடம் சும்மா இரு என்று சொல்வதும் ஒன்று. முழங்கால் ஆட ஆரம்பித்தது. விரல் அரித்தது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் விசைப்பலகையை மாற்ற ஹாரிஸ் ஒரு வழி வைத்திருந்தான், ஷிஃப்டையும் ஆல்ட்டையும் சேர்த்து அழுத்துவது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விரலை அகட்ட வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு அப்போதுதான் தோன்ற வேண்டுமா? விண்டோஸ் விசையோடு T அழுத்தினால் தமிழ், E அழுத்தினால் ஆங்கிலம். எவ்வளவு அழகு! அந்தச் செட்டிங் கோப்பைத் திறந்து இரண்டு வரி எழுதினாள், பழைய வழியை அழித்தாள், சேமித்து மூடினாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

கேள்வித் தாள் வந்து இடது பக்கத்தில் விரிந்தது. 'ஷிப்ட் வேலை செய்பவர்களுக்கு நல்ல உறக்கம்' என்று தலைப்பு. கிளாடிஸுக்குச் சிரிப்பு வந்தது. அவளிடமே இதைக் கேட்கிறார்களா! விண்டோஸ் விசை, T. தமிழ் வந்தது. தலைப்பை அடித்தாள், முதல் வரியை அடித்தாள். கையேட்டைக் கொஞ்சம் கீழே நகர்த்திப் பார்க்கலாம் என்று இடது ஜன்னலுக்குப் போக விண்டோஸ் விசையோடு J தட்டினாள்.

கோடு தாவவில்லை. பதிலில் ஒரு 'ப' விழுந்தது.

மறுபடி தட்டினாள். இன்னொரு 'ப'. சரி, ஆங்கிலத்துக்கே போய்விடுவோம் என்று விண்டோஸ் விசையோடு E தட்டினாள். 'ஊ' என்று விழுந்தது. மறுபடியும் 'ஊ'. திரை அவளைப் பார்த்து ஊளையிட்டது.

அப்போதுதான் உறைத்தது. விசைப்பலகை தமிழுக்கு மாறியபின் அந்த இடத்தில் E ஏது? 'ஊ' அல்லவா இருக்கிறது. J இருந்த இடத்தில் 'ப'. எழுத்தை நம்பி வைத்த குறுக்குவழி எல்லாம் ஒரே அடியில் செத்துப்போயின, திரும்பி வரும் வழியும் சேர்த்து. வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்தாயிற்று. ஹாரிஸுக்கு இது தெரியாது, அவன் தமிழில் ஒரு வரி அடித்ததில்லை. தமிழ் அடிக்கிறவள் அவள்தானே, அவள் அல்லவா யோசித்திருக்க வேண்டும்!

செத்துப்போன தொடுதட்டைத் தேய்த்தாள், பிணத்தை எழுப்புகிற மாதிரி. மேசைக்கடியில் குனிந்தாள், என்னவோ அங்கே ஒரு மவுஸ் முளைத்திருக்கும் என்பதுபோல. மவுஸ் இந்நேரம் ஃபெரியில் கடலைப் பார்த்துக்கொண்டு போய்க்கொண்டிருக்கும்.

"மிஸ் கிளாடிஸ், என்ன தேடறீங்க? ஸ்கிரீனப் பாருங்க. ஆடாம உக்காருங்க."

"மேடம், என் கீபோர்ட் மாட்டிக்கிச்சு. ஒரே ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிக்கவா?"

"கேமரா நின்னுருமே. நான் ஒன்னும் செய்ய முடியாதும்மா." ரொஸ்னாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "வேணும்னா ஒன்னு சொல்றேன். இப்பவே நிறுத்திக்கிறேன்னு சொன்னீங்கன்னா 'வரவில்லை'ன்னு பதிஞ்சிடலாம். அடுத்த வருசம் திரும்ப ஆள் எடுப்பாங்க, அப்ப எழுதலாம். என்ன சொல்றீங்க?"

அடுத்த வருஷம்! கிளாடிஸுக்கு உடனே ஒரு குளிர்ந்த நிம்மதி பரவியது. அந்த நிம்மதியை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஓவனை மூடியபோது வந்தது. பாடகர் குழுவுக்கு இனி வரமாட்டேன் என்று செய்தி அனுப்பியபோது வந்தது. எழுந்துவிடலாம், ஒரு கோப்பி கலக்கலாம், கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு என்று எல்லாரிடமும் சொல்லலாம். யார் தப்பு சொல்வார்கள்? ரேமண்ட் ஒன்றுமே சொல்ல மாட்டான். லிஃப்ட் வாசலில் தலையை ஆட்டிவிட்டு "சோறு இருக்கா?" என்பான். இன்னும் ஒரு வருஷம் அதையே கேட்பான். அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இல்ல மேடம்," என்றாள். "எழுதறேன்."

"எப்படி எழுதுவீங்க?"

"தெரியல. எழுதறேன்."

பேக்ஸ்பேஸ் வேலை செய்தது. 'ப'க்களையும் 'ஊ'க்களையும் அழித்தாள். இடது பக்கம் கையேட்டின் முதல் பாதி கண்ணெதிரே அப்படியே இருந்தது. ஒன்றை ஒன்று மறைக்காது என்று ஹாரிஸ் சொன்னது பொய்யில்லை. நகர்த்தத்தான் முடியாது, படிக்கலாமே. அகராதி இல்லை, வாட்ஸ்அப் இல்லை, நண்டுக் குழம்பு இல்லை. நிறக்கோட்டை மாற்றவும் வழியில்லை. போக்கிடம் எல்லாம் அடைபட்ட பிறகு அவள் எழுத ஆரம்பித்தாள்.

'இரவு வேலை முடிந்து வீடு திரும்பும்போது கண்ணில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.' இதற்கு அகராதி எதற்கு? கம்பெனி பஸ்ஸில் திரைச்சீலையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அவள் பாலம் தாண்டாத வாரம் உண்டா? 'வேலைக்கு முன் காப்பி குடிக்கலாம், வேலை முடியும் நேரத்தில் வேண்டாம்.' தொழிற்சாலையில் தன் லைனில் நிற்கும் பெண்களிடம் சொல்வதுபோல் எழுதினாள். வாக்கியம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வந்தது. முழங்கால் ஆட்டம் நின்றுவிட்டதை அவள் கவனிக்கவில்லை.

கண்ணுக்குத் தெரிந்த பகுதியின் கடைசி வரி இப்படி இருந்தது: 'நீங்கள் எப்போது உறங்குவீர்கள், எப்போது விழித்திருப்பீர்கள் என்பதை வீட்டில் உள்ளவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.' அடித்து முடித்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து பேசுங்களாமே. எங்கே உட்கார்வது, லிஃப்ட்டிலா?

கையேட்டின் மறுபாதி திரைக்குக் கீழே கிடந்தது. இதற்குமேல் வழி இல்லை. வழி இல்லை என்றானதும் பழைய குணம் தலை தூக்கியது. இடது கட்டைவிரல் விண்டோஸ் விசையை அமுக்கிக்கொண்டே இருந்தது, வலது கை விரல்கள் ஓரத்திலிருந்த விசைகளில் தாளம் போட்டன. டக், டக், டக். பள்ளிக்கூடத்தில் எந்தத் தாளத்துக்காக முட்டி போட வைத்தார்களோ அதே தாளம்.

நீலக் கோடு இடது பக்கம் தாவியது.

மாதாவே! கிளாடிஸ் கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். விரல் இருந்த இடத்தில் அம்புக்குறி விசை. பச்சைப் பிள்ளைகளுக்கானது! அம்புக்குறிக்கு ஏது தமிழ், ஏது ஆங்கிலம்? இடது என்றால் எந்த மொழியிலும் இடதுதான். இப்போது கோடு கையேட்டின்மேல் இருந்தது. கீழ் அம்பைத் தட்டினாள், பக்கம் மெல்ல உருண்டு மேலே வந்தது. விண்டோஸ் விசையோடு வலது அம்பு, பதிலுக்குத் திரும்பினாள். இடது, வலது, இடது, வலது. பச்சைப் பிள்ளையாகவே இருந்துவிட்டுப் போகிறேன் போடா ஹாரிஸ் என்று மனசுக்குள் சொன்னாள். ஒரு துளி கண்ணீர் விசைப்பலகையில் விழுந்தது, துடைத்துக்கொண்டு எழுதினாள்.

கடைசிப் பத்தியைத் திரும்பப் படிக்க நேரம் இருக்கவில்லை. டேப் விசையைத் தட்டித் தட்டி 'அனுப்பு' பொத்தானில் போய் நின்று என்டரை அழுத்தினாள்.

"முடிச்சிட்டீங்களா?" என்றார் ரொஸ்னா.

"முடிச்சிட்டேன் மேடம்." அந்தச் சொல் அவள் வாய்க்கே புதிதாக இருந்தது.

அடுத்த வாரம் ரொஸ்னாவே கூப்பிட்டார். "செலெக்ட் ஆயிட்டீங்க. கடைசி பத்தியில ரெண்டு தப்பு, பரவால்ல. ஆனா ஆரம்பத்துல நீங்க ஆடின ஆட்டத்துக்கு எந்திரிச்சு ஓடிருவீங்கன்னுதான் நெனச்சேன்." பிறகு, "ஒரு விசயம். கம்பெனி லேப்டாப்தான் பாவிக்கணும். அதுல வேற எதுவும் போடக் கூடாது, எதுவும் மாத்தக் கூடாது" என்றார்.

கிளாடிஸ் போனை வைத்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். இடைவெளி, நீலக் கோடு, குறுக்குவழி எல்லாம் போச்சு.

லேப்டாப் பெட்டியில் வந்தது. வேலை தொடங்கும் நாள் காலையில் அதைத் திறந்தாள். பழையபடி ஜன்னல் மேல் ஜன்னல், ஒன்றின் பின்னால் ஒன்று. பெட்டியின் அடியில் ஒரு புத்தம்புது மவுஸ். இரவு ஷிப்ட் முடிந்து வந்த ரேமண்ட் எதிர் நாற்காலியில் கோப்பியோடு உட்கார்ந்திருந்தான். கல்யாணமான புதிதுக்குப் பிறகு ஒரு வேலைநாள் காலையில் அவன் அப்படி எதிரே உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. எப்போது தூங்குவான், எப்போது எழுப்ப வேண்டும் என்று அவனே சொல்லிக்கொண்டிருந்தான். பேச்சை முடித்து எழுந்தவன் பெட்டியைப் பார்த்தான்.

"பரவால்லையே, மவுஸும் குடுத்திருக்காங்க."

கிளாடிஸ் அதை எடுத்து, நாற்காலியில் மாட்டியிருந்த அவன் வேலைப் பைக்குள் பழைய மவுஸோடு சேர்த்துப் போட்டாள்.

"ஏன், இது கம்பெனி குடுத்ததாச்சே. வேணாமா?"

"கையில இருந்தா ஓடிருவேன்ங்க," என்றாள் அவள். "நீங்க போய்ப் படுங்க. நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."